ஒற்றைக்கண் பிள்ளையார்

வகுப்பு நடக்கிறதா என்றுதானே கேட்டீர்கள்? நடக்கிறது. நின்றுவிட்டது என்று யார் சொன்னது? பி பிளாக்கில் யாராவது சொல்லியிருப்பார்கள். உட்காருங்கள், சொல்கிறேன். அந்த நாற்காலி வேண்டாம், சோபாவில் உட்காருங்கள். நாற்காலிக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சோபாவில் உட்காருங்கள். பையன் பெயர் என்ன சொன்னீர்கள்? நிரஞ்சனா? நிரஞ்சன், கண்ணா, அந்தக் காரை வைத்து விளையாடு, சக்கரத்தை மட்டும் வாயில் வைக்காதே. இல்லை, அவன் வைக்கவில்லை. வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் இல்லையா? மேஜை முனையில் இடித்துக்கொள்வான் என்று பயப்படாதீர்கள். எல்லா முனையிலும் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கேட்டால் "அகிலாவா, அது நிழலைப் பார்த்தே பயப்படும்" என்பார்கள். நான் பயப்படுகிற ஆள் இல்லை. முன்கூட்டியே யோசிக்கிற ஆள். அதை இந்த பில்டிங்கில் ஒருத்தருக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

என் மகள் மிதுனா பிறந்த பிறகு வேலையை விட்டேன். லீவு விட்டால் இங்கே பிள்ளைகள் எல்லாம் போனும் கையுமாகக் கிடக்கும். சரி, பண்டிகைக்கு ஒரு வகுப்பு வைப்போம் என்று நினைத்தேன். தீபாவளி என்றால் அகல் விளக்குக்கு வர்ணம் பூசுவது. கிறிஸ்துமஸ் வந்தால் காகித நட்சத்திரம். பொங்கலுக்குப் பானை, ரம்சானுக்கு ஜிகினா ஒட்டிய பிறை. பண்டிகையைச் சொல்லிக்கொண்டே கலையைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு இரண்டும் ஏறும். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. பாளையங்கோட்டையில் நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் மெட்டில்டா இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் குடில் வைப்போம். என்னை வருஷா வருஷம் ஆடு செய்யப் போடுவார். நான் உருட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். சிஸ்டர் வாங்கி, இங்கே ஒரு கிள்ளு, அங்கே ஒரு அழுத்து, திருப்பிக் கொடுத்தால் அது ஆடாக இருக்கும். நான் கொண்டுபோனது எப்படி இருந்தது என்று எனக்கே நினைவில்லை. அப்படிப்பட்ட டீச்சர்.

அதனால் என் வகுப்பிலும் எல்லாக் குழந்தைகளுடைய வேலையும் ஒரே நேர்த்தியாக இருக்கும். போன தீபாவளிக்கு அகல் விளக்குகளை வரிசையாக வைத்தால் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தன. அம்மாக்கள் வந்து பார்த்துவிட்டு, "எம் பிள்ளையா செஞ்சான்?" என்று வாயில் கைவைத்தார்கள். அவன்தான் செய்தான், கடைசியில் நான் லேசாக ஒரு கை பார்த்தேன் என்றேன். லேசாகத்தான். வர்ணம் கோட்டைத் தாண்டிப் போனால் துடைத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். சில சமயம் முதலிலிருந்து பூச வேண்டும். சில சமயம் விளக்கையே மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வகுப்பில்தான் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. களிமண் பிள்ளையார் செய்வது என்று முடிவு. லிஃப்டில் வடிவு அக்காவைப் பார்த்தேன். வடிவு அக்கா என்றால் எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரியின் மனைவி. செக்ரட்டரி என்று சொல்வது அவரை, நடத்துவது அக்கா. அவருடைய பையன் தர்ஷன் என் வகுப்புக்கு வருகிறவன்.

"பிள்ளையாரா பண்ணுத? நல்லதுட்டி. கண்ணுக்குக் குன்றிமணி வைக்கணும், தெரியும்லா? கான்வென்ட்ல படிச்ச பிள்ள, சட்டைப் பட்டன ஒட்டிவிட்டுராத" என்றார். லிஃப்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு மாடி வரைக்கும் சிரித்தேன்.

அன்றைக்கே மார்க்கெட்டுக்குப் போய், எருக்கம்பூ மாலை விற்கிறவரிடம் குன்றிமணி வாங்கினேன். பார்த்திருப்பீர்கள், செக்கச்செவேல் என்று, தலையில் ஒரு கறுப்புப் பொட்டோடு. வீட்டுக்கு வந்து, இது என்ன விதை என்று போனில் தேடிப் படித்தேன். கடித்துத் தின்றால் விஷம் என்று போட்டிருந்தது. போனைக் கீழே வைத்தேன். குன்றிமணியைக் கீழே வைத்தேன். மிதுனாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

பேசாமல் தூக்கிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் கண்ணுக்கு மிளகு வைத்த பிள்ளையாரை வடிவு அக்கா பார்த்தால் என்ன ஆகும்? விஷத்துக்காவது டாக்டர் இருக்கிறார். வடிவு அக்கா வாய்க்கு யார் இருக்கிறார்? அதனால் நன்றாக யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். குன்றிமணி என்ற பேச்சையே பிள்ளைகளிடம் எடுப்பதில்லை. டப்பா ஃபிரிட்ஜுக்கு மேலே. எல்லாம் முடிந்து பிள்ளைகள் பாத்ரூமில் கை கழுவப் போகும்போது நானே கண் வைப்பது. வைத்த கையோடு அட்டைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, அம்மாக்கள் கையில் கொடுத்துவிடுவது. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

வகுப்பன்று ஏழு பிள்ளைகள், மிதுனாவையும் சேர்த்து. ஆளுக்கு ஒரு உருண்டை களிமண் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தர்ஷன் கையில் லாரி மாதிரி ஒன்று. "என்னடா இது?" என்றேன். "பிள்ளையாரோட லாரி மிஸ். பிள்ளையார் உள்ள தூங்குதாரு" என்றான். ஜெனிஷா என்று ஒரு பெண். அவளுடைய அம்மா வகுப்புக்கு அனுப்பும்போதே, "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, இவளுக்கு மட்டும் யானைன்னு சொல்லிருங்க" என்று கேட்டிருந்தாள். ஜெனிஷா செய்தது யானையும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. தோசை. மிதுனா ஒரு உருண்டையை உருண்டையாகவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சரி, குழந்தைகள்தானே. ஒவ்வொன்றாக வாங்கி டைனிங் டேபிளில் வைத்துச் சரிபண்ண ஆரம்பித்தேன். தும்பிக்கை, காது, தொப்பை, கால் பக்கத்தில் ஒரு மூஞ்சூறு. மூஞ்சூறு எனக்கு ரொம்ப நன்றாக வரும். பிள்ளைகள் எவ்வளவு அமைதியாக இருந்தார்கள் தெரியுமா? மிச்ச மண்ணை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. கலை ஒரு குழந்தையை எப்படி அடக்கிவிடுகிறது பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்து வரிசையாக வைத்தேன். ஏழு பிள்ளையாரும் அப்படியே ஒன்று போல. காது கொஞ்சம் ஆட்டுக் காது மாதிரி வந்திருந்தது, அது கைப்பழக்கம். பிள்ளைகளைக் கை கழுவ அனுப்பிவிட்டுக் கண் வைத்தேன். பெட்டியை எடுக்கப் போகிற நேரத்தில் காலிங் பெல். கேஸ் சிலிண்டர்.

சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு வந்துவிடலாம்தான். கசிகிறதா என்று பார்க்க வேண்டாமா? சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ட்யூபை ஆட்டிவிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். "மேடம், இது நல்ல சிலிண்டர் மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், நடுவில் இருந்த பிள்ளையாருக்கு ஒரு கண் இல்லை.

எனக்குப் பயம் இல்லை. மேஜைக்கு அடியில் தேடினேன். சோபாவைப் புரட்டினேன். பிள்ளைகள் ஏழு பேரும் நல்ல பிள்ளைகளாக வரிசையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலவரப்படுத்தக் கூடாது இல்லையா, அதனால் சிரித்த முகமாக, "யானை எப்படி வாயைத் திறக்கும்? எல்லாரும் திறந்து காட்டுங்க" என்றேன். ஒவ்வொரு வாயாக டார்ச் அடித்துப் பார்த்தேன். குன்றிமணி இல்லை. ஜெனிஷா வாயில் ஒரு ஹேர்கிளிப் இருந்தது, அதை எடுத்தேன்.

"இது யாரோட பிள்ளையார்?" என்றேன். யார் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாமே. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தன்னோட பிள்ளையாரைத் தனக்கே தெரியாதா?" என்று கேட்டால் தர்ஷன் சொல்கிறான், "எல்லாம் ஒண்ணு போல இருக்கே மிஸ்." அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"யாராவது சிவப்பா ஒரு விதை தின்னீங்களா?"

"என்ன விதை மிஸ்? நல்லாருக்குமா மிஸ்?"

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் நாகர்கோவிலில் வேலையில் இருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ முதல்ல தண்ணி குடி" என்றார். எப்போது போன் போட்டாலும் அதைத்தான் சொல்வார். அம்மாக்களுக்குச் சொல்லலாம் என்றால், ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விளக்குவதற்குள் நேரம் போய்விடும். உயிர் முக்கியமா, போன் முக்கியமா? வடிவு அக்கா நம்பரைக்கூட எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

தெருமுனையில் டாக்டர் ஐசக் கிளினிக் இருக்கிறதே, அங்கே ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். ரோட்டில் யாரும் விலகிவிடக் கூடாது என்று என் துப்பட்டாவை நீளமாகப் பிடித்து, எல்லாரையும் அதில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கழுவ அனுப்பியும் பிள்ளைகள் கை முழுக்கக் களிமண். வாட்ச்மேன், "டூரா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "எந்தப் பிள்ளை?" என்றார்.

"தெரியாது டாக்டர்."

"தெரியாதுன்னா?"

"பிள்ளையார் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "யாருப்பா முழுங்குனது? திட்ட மாட்டேன். சொன்னா சாக்லேட் தாரேன்" என்றார்.

ஆறு கை தூக்கியது.

"சார், நான் ரெண்டு முழுங்குனேன்" என்றாள் ஜெனிஷா.

"நான் டப்பாவோட முழுங்குனேன் சார்" என்றான் தர்ஷன்.

மிதுனா மட்டும் கை தூக்கவில்லை. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வளர்ப்பு அப்படி. பொய் சொல்ல மாட்டாள், எதையும் எடுக்க மாட்டாள். அவளை நான் சந்தேகப்படவே இல்லை.

டாக்டர், "சரி, முழுங்குனவங்களுக்கு ஒரு ஊசி போட்டுரலாம்" என்றார். எல்லாக் கையும் இறங்கிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "இந்தா பாருங்கம்மா, கடிச்சிருந்தா விளையாட்டு இல்ல. யாருன்னு தெரியாட்டா ஏழு பேரையும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, வச்சுப் பாக்கச் சொல்லணும். விதை கைக்குக் கிடைச்சுட்டா ஒண்ணும் வேண்டாம். முதல்ல அம்மாக்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. வாட்ச்மேன் சொல்லிவிட்டிருந்தார். என்ன சொன்னாரோ, வடிவு அக்கா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றார். பின்னால் மற்ற அம்மாக்கள்.

"ஏட்டி அகிலா, பிள்ளேள எங்க கொண்டாந்து நிக்க?"

"கண்ணைக் காணோம் அக்கா."

"யாரு கண்ண?"

"பிள்ளையார் கண்ணை."

"பிள்ளையார் கண்ணக் காணலன்னா எம் பிள்ளைய எதுக்குட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்த?"

டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். வடிவு அக்கா தர்ஷனை இழுத்து வாயைத் திறந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வயிற்றைத் தடவினார். அக்காவை அப்படி நான் பார்த்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, என்னிடம் மெதுவாக, "கண்ணு இல்லாத பிள்ளையாரு எது? எம் மவன் பண்ணுனதா? அத மட்டும் சொல்லுட்டி" என்றார். யாருடையது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. எதையும் முன்கூட்டியே யோசிக்கிறவள் நான், இதை யோசிக்கவில்லை.

அக்கா பையனைப் பிடித்து நேராக நிறுத்தினார். "தர்ஷா, அம்மைட்ட உண்மையைச் சொல்லு. ஒன் பிள்ளையாரு எங்க இருந்துச்சு? ஓரத்துலயா, நடுவுலயா?"

"என் பிள்ளையாரு அங்க இல்லம்மா."

"அங்க இல்லன்னா?"

"அதெல்லாம் மிஸ்ஸோடது. எங்களோடது வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி இருக்கு."

"டேய்" என்று ஆறு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. அதில் பெரிய குரல் மிதுனாவுடையது.

எல்லாரும் கிளம்பினோம். டாக்டரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். பால்கனியில் வாஷிங் மெஷினைத் தள்ளிப் பார்த்தால், பெயிண்ட் வாளி மூடியில் வரிசையாக ஏழு மண்கட்டி. ஒரு லாரி, ஒரு தோசை. ஒன்று செருப்பு மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வெறும் உருண்டை. அந்த உருண்டையின் நட்ட நடுவில் சிவப்பாக ஒரு கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் குத்தவைத்து உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "முழுசா இருக்கு. பல்லு படல. இது மட்டும்தானே குறைஞ்சது?" என்றார். ஃபிரிட்ஜ் மேலிருந்த டப்பாவையும் எடுத்துப் பார்த்தேன், மூடி வைத்தது வைத்தபடி இருந்தது. இது மட்டும்தான் என்றேன். "அப்ப போய்ப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுங்க" என்று எழுந்துகொண்டார். எனக்கு அப்படியே சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் பார்த்தால் வடிவு அக்கா ஏற்கெனவே சாய்ந்திருந்தார்.

"இதை ஏன் ஆஸ்பத்திரியில சொல்லல?" என்று கேட்டேன்.

ஜெனிஷா சொன்னாள், "சொன்னா நீங்க இதையும் சரிபண்ணிருவீங்கல்லா மிஸ்?"

பாருங்கள், எனக்கு மேல் வேலை வைக்கக் கூடாது என்று அந்த வயதில் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை.

பிறகு விசாரித்தால், கண்ணை எடுத்தது மிதுனா. நான் சிலிண்டர்காரரோடு நின்றபோது எடுத்திருக்கிறாள். கண் இல்லாமல் பிள்ளையார் எப்படிப் பார்க்கும் என்று பேச்சு வந்ததாம். ஒரு கண்ணை வைத்து, ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி எல்லாப் பிள்ளையாருக்கும் வைத்திருக்கிறார்கள். லாரிக்கும் வைத்திருக்கிறார்கள், தோசைக்கும் வைத்திருக்கிறார்கள். கடைசியில் மிதுனா முறை.

எனக்கு அந்த உருண்டையைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. தும்பிக்கை இல்லை, காது இல்லை. "சரி, ஒரு தும்பிக்கை மட்டும் வைத்துவிடுகிறேன்" என்று கையை நீட்டினேன்.

"கை வைக்காதட்டி" என்றார் வடிவு அக்கா. "கண்ணு வச்சாச்சுன்னா அது சாமி. அதுக்குப் பெறகு திருத்தக் கூடாது. இது கூடவா ஒங்க கான்வென்ட்ல சொல்லித் தரல?" சொல்லித் தரவில்லை. நாங்கள் ஆட்டுக்குக் கண் வைத்த பிறகும் திருத்துவோம்.

அக்கா அதோடு விடவில்லை. எல்லாவற்றுக்கும் கண் வைத்து எடுத்ததால் ஏழும் சாமிதான் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. ஒவ்வொரு அம்மாவும் தட்டு கொண்டுவந்து அவரவர் பிள்ளை செய்ததை ஏந்திக்கொண்டு போனார்கள். ஜெனிஷாவின் அம்மா மட்டும் தோசையைப் பார்த்துக்கொண்டு, "நான் என்னக்கா செய்ய?" என்றாள். "நீ யானைன்னு வச்சுக்க" என்றார் அக்கா. சதுர்த்தியன்று வடிவு அக்கா வீட்டில் லாரிக்குத்தான் பூஜை. கொழுக்கட்டையைக்கூட லாரியில் ஏற்றித்தான் படைத்தார்களாம்.

நான் செய்த ஏழும் டேபிளிலேயே இருந்தன. ஒருவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்தக் களேபரத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் மிதுனாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். கோபமாக இல்லை, அறிந்துகொள்ளத்தான். "எடுத்ததுதான் எடுத்த, ரெண்டு கண்ணா எடுத்து வச்சிருக்கலாம்லா? ஏன் ஒண்ணு மட்டும் எடுத்த?"

அவள் என் கன்னத்தைத் தடவினாள். "ரெண்டு எடுத்தா நீ பயந்துருவேல்லாம்மா. அதான் ஒண்ணு."

வடிவு அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர், ஒரு காலில் செருப்போடு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இறங்கிப் போகும்போது படிக்கட்டிலும் அந்தச் சிரிப்பு கேட்டது. குழந்தை ஏதோ தெரியாமல் பேசுகிறது, அதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றிலிருந்துதான் பி பிளாக்கில் வகுப்பு நின்றுபோயிற்று என்று பேச்சு. நிற்கவில்லை. பிள்ளைகள் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள். நவராத்திரிக்குக் கொலு பொம்மை வகுப்பு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை விதை, மணி, ஜிகினா எதுவும் கிடையாது. கண்ணை நானே பென்சிலால் வரைந்துவிடுவேன். பொம்மைகளையும் முக்கால்வாசி செய்து காயவைத்துவிட்டேன். நீங்கள் எதற்கும் கவலைப்படாமல் சனிக்கிழமை நிரஞ்சனை அனுப்புங்கள். அவன் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், ஒன்றும் செய்யவும் வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும்.